மூன்று நடை

துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் தேய்ப்புக்காரிக்கு விடிந்ததிலிருந்தே முழங்கால் கழன்று விழுவதுபோல் வலி. தினமும் வேலைக்குக் கிளம்பியதும் அடுப்பை அணைத்தோமா என்ற பயம் பிடித்துக்கொள்ளும். மூன்று தடவையாவது திரும்பிவந்து மாடியேறிப் பார்த்தால்தான் மூச்சு வரும். "இனி ஒரு நிமிஷம் லேட்டானாலும் வேலை கிடையாது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமலே போனாள்.

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா சிரித்தாள். "இன்னிக்கும் மூணு தடவை ஏறி இறங்கினியேடி. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் வரவே இல்லக்கா."

"போடி, உன் நொண்டி நடை எனக்குத் தெரியாதா?"

மேலே பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பால் தீய்ந்து பாத்திரம் கறுத்திருந்தது. அடுப்பு மட்டும் அணைந்திருந்தது, குமிழ் இறுக்கித் திருகியிருந்தது.

முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். தனக்காக ஏறி இறங்கியது யாரென்று தெரியவில்லை. அந்தக் கால்களுக்கு மூன்று நடை பாக்கி.