காறல்

திரும்பி வந்த மூட்டையை மேலாளர் என் மேசைமேல் தொப்பென்று போட்டார். மக்காச்சோள மாவு என் முகமெல்லாம் தெறித்தது.

"பூரா காறல் அடிக்குதாம். நீங்க பாஸ் பண்ணதுதானே?"

எனக்கு வந்ததே கோபம்.

காறலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரா? சோள மணியின் அடியில் முளைக்கரு இருக்கிறது. எண்ணெயில் பெரும்பங்கு அதற்குள்தான். அதை எடுக்காமல் அரைத்தால் மாவு சீக்கிரமே கெட்டு, கழுவாத எண்ணெய்ச் சட்டி மாதிரி நாறும். அரிசியில் இந்தத் தொல்லை குறைவு, தவிட்டோடு எண்ணெயும் போய்விடும். எந்த மணிக்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஆளுக்கு அது வாயில்.

இந்த ஆலையில் மாவை மோந்து பார்த்து அனுப்புவது என் வேலை. நான் தலையாட்டாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. என் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த மூக்கால்தான். அதில் குறை சொன்னால் சும்மா விடுவேனா?

கை நிறைய மாவை அள்ளினேன். வழக்கம்போலக் கண்ணை மூடி மோந்தேன். ஒரு கெட்ட வாடையும் இல்லை. உங்களுக்குத்தான் மூக்கில் கோளாறு என்று மேலாளரின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். என்ன நடிப்பு. எல்லாம் அவருக்கு ஜால்ரா போடுகிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் என் தங்கையும் நின்றாள். மூட்டை கட்டும் வேலைக்கு நானே சொல்லிச் சேர்த்துவிட்டவள். அவளும் துணியால் மூக்கை மூடியிருந்தாள்.

கொஞ்ச நாளாகவே ஆளாளுக்கு என்னைச் சீண்டுகிறார்கள். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வீட்டுக்காரர் சமையல்கூட மண் மாதிரி இருக்கிறது. நேற்று தட்டைத் தூக்கி எறிந்தேன். எப்போதும் போலத்தானே செய்தேன் என்கிறார் மனுஷன், கூசாமல்.

"அக்கா, கண்ணை மூடிக்கோ. இதையும் ஒரு தடவை பாரு," என்றாள் தங்கை.

மூடினேன். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

இதுவும் நல்ல மாவுதான், இதற்கென்ன கேடு என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்தேன்.

தங்கை அழுதுகொண்டிருந்தாள். கழிப்பறை கழுவும் பினாயில் பாட்டிலை என் மூக்கை ஒட்டிப் பிடித்திருந்தாள். மூடி அவளுடைய இன்னொரு கையில் இருந்தது.