நேமத்தில் சாத்திய கதவு

"எடோ, கதவு தொறக்கடோ," என்று அனீஷ் ரயில் பெட்டிக்கு வெளியே நின்று கத்தினான். கத்திக்கொண்டே ஷூ காலால் உதைத்தான்.

அழகியநம்பி உள்ளே தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த எக்ஸ்பிரஸுக்கு நேமம் ஸ்டேஷனில் நிறுத்தம் கிடையாது. தம்பானூர் பெரிய ஸ்டேஷனில் பிளாட்ஃபாரம் காலியாகும்வரை இங்கே பிடித்துப் போடுவார்கள். பாசஞ்சரைத் தவறவிட்ட சீசன் டிக்கெட்காரர்களுக்கு அது போதும். எந்தப் பெட்டி என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள், ஏறிவிடுவார்கள். தம்பானூரை அடுத்த சாலை பஜாரில் வேலைக்குப் போய்வந்த நாட்களில் அழகியநம்பியும் இப்படி உதைத்து ஏறியவர்தான்.

இன்று அவரால் திறக்க முடியாது. உள்ளே பொன்னம்மை இருக்கிறாள்.

அவர் மனைவி. இரண்டு வருடமாக அவளுக்கு எல்லாம் மறந்துகொண்டு வருகிறது. திறந்த கதவைக் கண்டால் போதும், இறங்கி நடந்துவிடுவாள். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காத வண்டிகள் போகிற இடம் இது.

"உள்ள சுகமில்லாத ஆளு இருக்கு மக்களே, அடுத்த பெட்டில ஏறுங்க," என்று கெஞ்சினார்.

யார் நம்புவார்கள்? கதவைப் பூட்டுகிற ஒவ்வொருவனுக்கும் உள்ளே ஒரு நோயாளி உண்டு.

அனீஷ் கதவு ஜன்னலுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினான். அழகியநம்பிக்குக் கண்மண் தெரியவில்லை. ஷட்டரை அந்தக் கைமேல் ஓங்கி இறக்கினார். இரண்டு விரல்கள் நசுங்கின.

அதன்பிறகு பேச்சில்லை. அனீஷோடு நின்ற நாலைந்து பேர் அடுத்த பெட்டியில் ஏறி உள்வழியாக ஓடிவந்தார்கள். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. தலையில் ஒரு டிபன் பாத்திரம் இறங்கியது. இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் ஆபீஸ் அட்டையுமாக எல்லாரும் படித்தவர்கள். அடி மட்டும் சந்தைக்கடை அடி. பெட்டியில் இருந்த இரண்டொருவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். அனீஷ் ஏறிவந்து வயிற்றில் மிதித்தான்.

அடி அவருக்கு உறைக்கவில்லை. கதவு திறந்து கிடக்கிறதே என்றுதான் பதறினார். இறங்குவதானால் அவள் தன்னைத் தாண்டித்தான் இறங்கவேண்டும் என்று வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். கண்ணில் ரத்தம் இறங்கி, அவள் இருந்த இருக்கை தெரியவில்லை.

அப்போது முதுகில் ஓர் அடி விழுந்தது. செருப்படி. கூடவே வளையல் சத்தம்.

அவள் இறங்கிவிடவில்லை. அந்த நிம்மதியில் அழகியநம்பி அழுதுவிட்டார்.

கூட்டம் ஓங்கிய கையோடு நின்றது. பொன்னம்மை செருப்பைக் கீழே போட்டுவிட்டு அனீஷின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவன் ஆருன்னே தெரியாது மக்கா. என்னைப் பூட்டிவச்சுக் கொண்டுபோறான். தம்பானூர்ல எங்க வீட்டுக்காரரு காத்து நிப்பாரு. அவரு கையில இவனைப் பிடிச்சுக் குடுங்க."

அழகியநம்பி வாயைத் திறந்தார். பல்லும் ரத்தமும்தான் வந்தன.

இவன் குதித்து ஓடிவிடக் கூடாதென்று அனீஷ் அவரைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, நல்ல கையால் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

அந்தச் சத்தம் கேட்டதும் அழகியநம்பி உடம்பைத் தளரவிட்டார். இனி எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும்.