பச்சை ஒயர்

ஃபியூஸ் நன்றாக இருந்தது. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் ரிலே டக் என்று சத்தம் கொடுத்தது. அதுவும் நன்றாகவே இருந்தது.

ஜீப்பின் பம்பரில் இரண்டு பெரிய மஞ்சள் விளக்குகள். மலைப்பாதைப் பனிக்கென்று ஜீப்காரன் ஈஸ்வரபாண்டி போன மாதம் மாட்டியது.

இந்த ஒயரிங் கடையில் இல்லை. புதுக்கடை ஜெயசீலனிடம்.

பதினாறு வருஷமாக ஒரு பல்பு போனாலும் இங்கேதான் வந்துகொண்டிருந்தது அந்த ஜீப். ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே போனது. இப்போது திரும்பி வந்து நிற்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதாம். செவ்வாய்க்கிழமை, ஏலக்காய் பறிக்கப் போகும் பன்னிரண்டு பெண்கள் பின்னால் இருக்க, கொண்டை ஊசி வளைவில் மொத்தமாகவே அணைந்ததாம்.

கேட்டபோது பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பானெட்டுக்குள் ஒரே குப்பையாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தான். இருந்தால் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டலாம்.

குப்பையாக இல்லை.

ஒயர்கள் ஒரே அளவில் வளைந்து போயின. நாலு விரலுக்கு ஒரு கட்டு. சூடாகும் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்து, மேலே குழாய் மாட்டியிருந்தது. டேப் சுற்றிய இடமே கிடையாது.

அவன் டேப் சுற்றுகிறவன்.

வயிறு எரிந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

டெஸ்ட் லாம்பை விளக்குவரை கொண்டுபோனான். கரண்ட் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வருகிற வழி சரியென்றால் திரும்பிப் போகிற வழியில்தான் கோளாறு. எர்த் ஒயர்.

தரையில் படுத்து, சேசிஸில் தேடினான்.

பச்சை ஒயர்.

வண்டி வேலையில் எல்லோரும் எர்த்துக்குக் கறுப்புப் போடுவார்கள். அவன் வீடுகளுக்கு ஒயரிங் செய்து தொழில் பழகியவன்; அங்கே எர்த்துக்குப் பச்சை. இந்த மலையில் பச்சை போடுகிற கை தன்னுடையது ஒன்றுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய விளக்குகளுக்குப் போட்டது. போல்ட்டைக் கழற்றினான். அடியில் கரண்டை விடாத பெயின்ட் அப்படியே இருந்தது. சுரண்டாமலே முடுக்கியிருக்கிறான். அன்றைக்கு மழை, அவசரம். இத்தனை நாளும் போல்ட்டின் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது அங்கேயும் துரு.

எல்லாவற்றையும் மாற்றிய ஜெயசீலன் இதை மட்டும் மாற்றவில்லை. தொழிலில் மூத்த அண்ணன் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறான். கல் அடிக்காமல் இருக்க அதன் மேல் புதிதாக ஒரு ரப்பர் குழாயும் மாட்டியிருந்தான்.

"அவன் வேலையிலதானண்ணே கோளாறு?" என்று ஈஸ்வரபாண்டி பின்னால் நின்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

"ஆமா" என்றான்.

அப்படியென்றால் அவன் போட்டதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு நீங்களே புதுசாகப் போடுங்கள் என்றான் ஈஸ்வரபாண்டி. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

பெயின்டைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, போல்ட்டை முடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. விளக்கு எரிந்தது. வண்டியைப் பிடித்து உலுக்கினான். அணையவில்லை.

பிறகு கட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தான். முதல் கட்டின் மேல் வைத்தான்.

வெட்ட மனசு வரவில்லை.

வெட்டினால் இதுபோல் கட்டத் தெரியாது. அதை இன்றைக்குத்தான் தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஷட்டரைப் பாதி இறக்கினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். ஒரு ஒயர் எங்கே போகிறது என்று விரலால் முடிவுவரை தொடர்ந்தான். அப்புறம் அடுத்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது. கடைசியில் பெட்ரோல் துணியால் எல்லாவற்றிலும் தூசி துடைத்தான்.

மூன்று மணிவரை வேறெந்த வேலையும் செய்யவில்லை.

ஈஸ்வரபாண்டி வந்து சுவிட்சைப் போட்டான். வாசலில் இறங்கியிருந்த பனிக்குள் மஞ்சள் வெளிச்சம் தூரமாகப் போய் நின்றது. இஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். விளக்கு கண் சிமிட்டவில்லை.

இறங்கி வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஜெயசீலன் போட்டதை அவன் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

"உங்க கையே தனிண்ணே. இதைப் பார்த்தாலே தெரியுது. ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்றேன். இனிமே ஒரு வண்டி அவன்கிட்ட போகாது."

அவன் பானெட்டைப் பிடித்தபடி நின்றான். உள்ளே இன்னொரு முறை பார்த்தான்.

"சொல்லு" என்றான்.

மூடினான்.