வீட்டில் நாலு பேர்

பதினொரு மணி வெயிலில் பராசக்தியின் வீட்டு முற்றத்து மணல் கண்ணைக் கூசவைக்கிறது. பத்மாசினி பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தகப்பன் கணக்குப் படிப்பிக்கப் போன சாம்பியாவில், லுசாக்காப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறவள். விடுமுறைக்கு ஊர் வந்த இடத்தில் இருபது வீட்டு விபரம் எடுக்கவேண்டும். வீட்டுக்காரர் இருக்கும் உயரத்திலேயே இருக்கவேண்டும், பேனையால்தான் எழுதவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “வீட்டிலை எத்தினை பேர், அக்கா?” “நாலு. நாங்கள் ரண்டு பேரும் பிள்ளையள் ரண்டும். அவர் கடலாலை விடிய வரவேண்டியவர், காத்து மாறிப்போச்சாக்கும்.” பராசக்தி திருவலையில் குந்தியிருந்து, அவருடைய சொதிக்குத் தேங்காய் திருவுகிறாள். சட்டிக்குள் வெள்ளைப் பூ குவிகிறது. பத்மாசினி ‘நாலு’ என்று எழுதுகிறாள். நீல மை உடனே காய்கிறது.

நிமிரும்போதுதான், பக்கத்து வீட்டு உலக்கைச் சத்தம் நின்றுபோனதைக் கவனிக்கிறாள். கரைப்பக்கமிருந்து ஐந்தாறு ஆண்கள் வருகிறார்கள். கையில் வலையும் இல்லை, மீனும் இல்லை. பராசக்தியின் முதுகுக்குப் பின்னால், வேலிப் படலையடியில் நின்றுவிடுகிறார்கள். முன்னால் நிற்கும் நரைத்த மீசைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டுகிறார். அவர் பார்வை பத்மாசினியின் மடியில் கிடக்கும் கடதாசியில் விழுகிறது. செய்தியோடு அரசாங்கத்து ஆள் முந்திவிட்டாள் என்று எண்ணினாரோ, பாரம் இறங்கியவர்போல மூச்சு விடுகிறார்.

“அப்ப, நீங்கள் சொல்லிப்போட்டியளோ, பிள்ளை?”

திருவலைச் சத்தம் நிற்கிறது. பராசக்தி திரும்பி அவரைப் பார்க்கவில்லை, பத்மாசினியைத்தான் பார்க்கிறாள்.

“என்னத்தை?”