தவசீலன் காணாமற்போன திகதி

அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

மேசையின் தலைப்பக்கம், பெண்கள் நிலையத்துக்குப் பொறுப்பான றெஜினா அக்கா. அக்காவுக்கு வலப்பக்கம் கிருபன், தவசீலனின் தம்பி, தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி. எதிரே மகள் தர்மிகா, பேனையும் தாளுமாக.

கதவோரக் கதிரையில் அவள், தர்மிகாவின் தாய். எந்த அறையிலும் அவள் கதவோரம்தான் இருப்பாள்.

கடிதம் பத்து நாளாகக் கிருபன் வீட்டில் கிடந்திருக்கிறது. மனுவில் கொடுத்த பழைய விலாசம் அது. இன்றைக்குத்தான் கொண்டுவந்தான். பதில் போட இன்றே கடைசி நாள்.

காணாமற்போனவர்களுக்காக அவள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்று எழுதியிருந்தது.

தங்கள் கணவர் தவசீலனை 2009 பெப்ரவரி 11 அன்று சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறக்கியதைக் கண்டதாக, உயிரோடு திரும்பிய ஒருவர் கூறுகிறார். கொண்டுபோன இடத்தையும் காட்ட முடியும் என்கிறார். தங்கள் மனுவில் ஓகஸ்ட் 9, முகாமில் வைத்து என்று உள்ளது. எது சரி? திகதி பொருந்தாவிடின், அவர் கண்டது வேறொருவரை என்று கொண்டு அந்த இடத்தில் தேடுவதை விட்டுவிடுவோம்.

பெப்ரவரிதான் சரி.

அவளும் அந்தப் பேருந்தில் இருந்தாள். தண்ணீர்ப் போத்தலை அவள் கையில் தந்துவிட்டுத்தான் அவன் இறங்கினான்.

அகதி முகாமுக்கு அவள் தனியாகப் போனாள்.

ஓகஸ்டில் ஆமிக்காரர் விசாரணை என்று அவளைக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள்.

அடுத்த வருடம் மே மாதம் தர்மிகா பிறந்தாள்.

பிறப்புப் பதிவுக்காரர் கேட்டபோது பிள்ளைக்கு ஒரு தகப்பன் வேண்டியிருந்தது. காகிதத்தில் அவனை இன்னும் ஆறு மாதம் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

இது றெஜினா அக்காவுக்கு மட்டும் தெரியும். நாலு வருடம் எதுவும் கேட்காமல் பக்கத்தில் இருந்தவள் என்பதால் அவளிடம் சொன்னாள். “பிள்ளைக்கு நீதான் சொல்லவேணும், நீ நினைக்கிற நாளிலை. ஆரும் உன்னை அவசரப்படுத்தேலாது” என்றாள் அக்கா.

இப்போது அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொழும்பிலை இருக்கிறவைக்கு என்ன தெரியும்?” என்றான் கிருபன். சண்டை முடியும்வரை மன்னார்ப் பக்கம் அகப்பட்டிருந்தவன்; அண்ணன் எப்போது போனான் என்பது அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். “அந்தாள் வேறை ஆரையோ கண்டிட்டு அண்ணை எண்டுது. ஓகஸ்ட் எண்டே எழுது பிள்ளை.”

“எழுதிறன் சித்தப்பா.”

தர்மிகா தலை நிமிரவில்லை.

“எழுத்தைப் பாருங்கோ அக்கா. அண்ணையின்ரை சரிவு அப்பிடியே கிடக்கு” என்றான் கிருபன், இருந்த இடத்திலிருந்தே.

பெப்ரவரி என்றால் தவசீலன் கிடைக்கலாம். எலும்பாகவாவது.

பெப்ரவரி என்றால் யாரும் விரல் விட்டு எண்ணலாம். பதினைந்து மாதம்.



“தம்பி, முன் கடையிலை ஒரு கடித உறை வாங்கிக்கொண்டு வாறீரே?” என்றாள் றெஜினா அக்கா.

“உறை நான் கொண்டே வந்திட்டன்.” சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். அசையவில்லை.

அக்கா அவளைப் பார்த்தாள். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“வாசிச்சுக் காட்டு பிள்ளை” என்றான் கிருபன்.

தர்மிகா வாசித்தாள். மதிப்புக்குரிய ஐயா. எனது கணவர் 2009 ஓகஸ்ட் 9ஆம் திகதி முகாமில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்டார். தடக்காமல், பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனைபோல வாசித்தாள். இனிவரும் கடிதங்களைப் பெண்கள் நிலைய விலாசத்துக்கு அனுப்பவும்.

“ஏன், நான் கொண்டுவந்து தரமாட்டனோ?”

“பத்து நாள் அடைகாத்தது காணும் சித்தப்பா.”

அவன் சிரித்துவிட்டான். “வாயைப் பாருங்கோ. அதுவும் அண்ணைதான்.”

ஓகஸ்ட். அப்படியானால் தவசீலன் அந்த இடத்திலேயே கிடக்கட்டும். பிள்ளை இருக்கட்டும். அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு அவளுக்கே பிடிக்கவில்லை.

“அம்மா, கையெழுத்து.”

எழுந்து போனாள். மகளின் விரல் தாளின் அடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் மேலே பார்த்தாள்.

2009 பெப்ரவரி 11. சோதனைச்சாவடி. முன்னர் தந்த திகதி பிழையானது.

இன்னொருமுறை பார்த்தாள். வெட்டு இல்லை, திருத்தம் இல்லை. ஓகஸ்ட் என்ற சொல்லே தாளில் இல்லை.

தர்மிகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையை நீட்டியபடி நின்றாள்.

பிள்ளை எப்போது மாதங்களை எண்ணினாள்?

தனியாக இருந்தா எண்ணினாள்?

“என்ன அண்ணி, பேர் மறந்துபோச்சே?” என்றான் கிருபன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். மகள் தாளை நாலாக மடித்தாள்.

கிருபன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். தபால்கந்தோர் மூடக் கால்மணி நேரம் இருந்தது. தாயும் மகளும் வெயிலில் நடந்தார்கள். சந்தி கடக்கையில் மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கடந்தபிறகும் விடவில்லை.

தபால்கந்தோரில் உறையை ஒட்டி, தர்மிகா உள்ளங்கையால் இரண்டு தரம் தேய்த்தாள்.

பதிவுத்தபால் எடுப்பவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “அனுப்புறவரின்ரை பேரில்லையே, தங்கச்சி.”

இத்தனை வருடமும் அந்த இடத்தில் தர்மிகா அம்மாவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

உறையைத் திரும்ப வாங்கினாள். எழுதினாள்.

தவசீலன் தர்மிகா.

மை காயட்டும் என்று சற்று நின்றாள். பிறகு கண்ணாடிக்குக் கீழே உள்ளே தள்ளினாள்.