பல்லில் கடிபட்ட பனி

துருவக் கடலின் அடியைத் துளைத்தெடுத்த நாலு கோடி வருடத்துச் சேறு, ஆய்வுக்கூட மேசைமேல் நீளமாகக் கிடந்தது. "அப்போ அந்தக் கடல்ல பனியே கிடையாதும்மா. அப்படியே எழுதிடு," என்றார் இயக்குநர் தணிகாசலம்.

ஆய்வாளர் பூங்கோதை சேற்றைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக் கடித்தாள். சோற்றில் கல் அகப்பட்டதுபோல் நறநறத்தது.

"கரை எங்கயோ இருக்கு. நடுக்கடலுக்கு இந்த மணல் நீந்தியா வந்துச்சு? மிதந்த பனிதான் சுமந்துட்டு வந்து போட்டிருக்கு."

"உளறாத."

இன்னொரு கிள்ளு எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே கடிச்சுப் பாருங்க சார்."

கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்கி நாக்கில் வைத்தார். பல்லை மட்டும் சேர்க்கவில்லை.

பூங்கோதை நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவசரமே இல்ல சார். அது நாலு கோடி வருஷமா காத்துக்கிட்டிருக்கு."