கடைசி பம்ப்

“மாட்டினான்யா, மாட்டினான்!”

பெட்ரோல் பங்குக் கடையில் ஆர்லோ காபியை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். வெளியே கடைசி பம்பில் வர்ஜில் குனிந்து நின்று கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார். அது எத்தனால் கலக்காத பெட்ரோல் வரும் பம்ப்.

அயோவாவில் அந்த ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மக்காச்சோளம்தான். அந்தச் சோளத்தை வாங்கி எத்தனால் காய்ச்சும் ஆலைதான் ஊருக்கே சோறு போடுகிறது. சோளம் விளைவிக்கிறவன் கடைசி பம்புக்குப் போவது, நெய் விற்கிறவன் வீட்டில் டால்டா வாங்கிய கதைதான்.

அதிலும் இன்று மாலை சோள விவசாயிகள் சங்கத் தலைவர் தேர்தல். நிற்பது இரண்டே பேர். ஒருவர் ஆர்லோ, இன்னொருவர் வர்ஜில். ஆர்லோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பம்புக்கே ஓடிவந்தார்.

“ஏம்பா வர்ஜில், நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடலாமா?”

வர்ஜில் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

“பழைய வண்டி ஆர்லோ. எத்தனால் ஒத்துக்கல. ரப்பர் குழாய அரிச்சுடுது, கார்புரேட்டர் அடைச்சுக்குது.”

“எல்லாம் சாக்கு! எங்க வீட்டுலயும்தான் நிக்குது, எழுபத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப். என் பொண்டாட்டி ஆர்டிஸ் தன் தங்கச்சிய டயாலிசிஸுக்கு அதுலதான் கூட்டிட்டுப் போறா. எத்தனை தூரம்! எத்தனை பனி! ஒரு நாளாவது வழியில நின்னிருக்கா? என் வீட்டு வண்டிக்கு ஒத்துக்கிறது உன் வண்டிக்கு மட்டும் ஒத்துக்காதோ?”

வர்ஜில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கேனை இறுக மூடினார்.

“ஓடுதுல்ல? சந்தோஷம்பா.”

மாலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஆர்லோ எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“நம்ம வர்ஜில் மேடையேறினா சோளம், சோளம்னு உருகுவாரு. அவர் வண்டிக்கு மட்டும் சோளம் ஆகாதாம்! கடைசி பம்புலதான் வாங்குவாராம். ஊருக்குத்தான் உபதேசம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவருக்கு மனசு கேட்கவில்லை.

“நெசமா வர்ஜில்?”

“வாங்கினேன். நெசந்தான்.”

“வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

பின்னால் எல்லோருக்கும் ஆப்பிள் பை பலகாரம் வெட்டிக்கொண்டிருந்த ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள்.

“ஆர்டிஸ், எனக்குக் கொஞ்சம் பெரிய துண்டா வெட்டும்மா. தோக்கப்போறவனுக்குப் பசி அதிகம்” என்று வர்ஜில் முந்திக்கொண்டார்.

மறுபடியும் சிரிப்பு. ஆர்டிஸ் மறுபடி கத்தியை எடுத்தாள். கைகள் உயர்ந்தன. ஆர்லோ தலைவரானார். முதலில் வந்து கைகுலுக்கியவர் வர்ஜில்தான்.

வீட்டுக்கு வந்தும் ஆர்லோவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

“ஆர்டிஸ்! சனிக்கிழமை ஊர்வலத்துல உன் பிக்கப்தான் முன்னாடி போகுது. ‘நான் சோளத்தில் ஓடுகிறேன்’னு பெரிசா போர்டு மாட்டப்போறேன். இரு, இப்பவே டேங்கை ரொப்பி வைக்கிறேன்.”

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் இருப்பதுபோல் அவர்கள் களத்து மூலையிலும் நாலு காலில் ஒரு பெட்ரோல் தொட்டி நின்றது. சோளப் பெட்ரோல். பிக்கப்புக்கென்றே அறுவடை முடிந்ததும் ஆர்லோ நிரப்பி வைத்தது. ஏறி மூடியைத் திறந்து அளவுக் குச்சியை விட்டார். குச்சி கழுத்துவரை நனைந்து வந்தது.

“ஏய், தொட்டி ரொப்பினது ரொப்பினபடி இருக்கு! வண்டி என்ன காத்துலயா ஓடுது?”

வாசலில் நின்ற ஆர்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நவம்பர்ல ஒரு நாள் வண்டி பனியில நடுரோட்டுல நின்னுடுச்சு ஆர்லோ. உள்ள தங்கச்சி நடுங்கிட்டிருந்தா. நீ அறுவடையில இருந்த, போனை எடுக்கல. வர்ஜில்தான் வந்து எங்களக் கூட்டிட்டுப் போனார். அப்புறம் குழாயெல்லாம் மாத்தி, இனி இதுக்கு எத்தனால் ஆகாதுன்னார்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? நானே போய் வாங்கலாம்னுதான் பாத்தேன். ‘ஆர்லோ பொண்டாட்டி அந்தப் பம்புல நின்னா அவன் மானம் போயிடும், நான் கேன்ல வாங்கித் தர்றேன்’னு சொல்லிட்டார்.”

ஆர்லோ தொட்டிமேல் இருந்து இறங்கவே இல்லை. குச்சி கையிலேயே இருந்தது. அவமானம் காது வரைக்கும் சுட்டது.

“இன்னிக்கு அதைச் சொல்லியிருந்தா அவன்தானே ஜெயிச்சிருப்பான்? ஏன் சொல்லல?”

“கூட்டம் முடிஞ்சு வெளிய வர்றப்போ நானும் அவர்கிட்ட அதையேதான் கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“‘அத விடு ஆர்டிஸ். நாளைக்கு டயாலிசிஸ் நாள் ஆச்சே, காலையில வண்டிய எங்க கொட்டகைக்குக் கொண்டா, ரொப்பி அனுப்புறேன்’னார்.”